நமத்துப்போன ரஸ்க் விஷயமாக மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்ற சொல்லை எந்த இடத்தில் போடுவது என்று தெரியாததால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். விஷயம், தாங்கள் மாதந்தோறும் அனுப்பிவைக்கும் பார்சல். தங்கள் தகப்பனார் காலமான அன்றும் தாங்கள் தங்கள் பேக்கரியை ஏன் திறந்தீர்கள் என்று அவள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதிலிருந்து எட்டு வருஷம் அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தங்கள் காதில் விழுந்த மாதத்திலிருந்து ரஸ்க், வெண்ணெய் பிஸ்கட், கேக் என்று அட்டைப்பெட்டி வருகிறது. உள்ளே ஒரு வரி கடிதம் இல்லை. மிக்க நன்றி. ஆனால் ஆள் வந்தால் ஒரு ராத்திரிப் பயணம், பெட்டி மட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்துசேரப் பத்தொன்பது நாள் ஆகிறது என்பதைத் தங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

முதல் பெட்டியைப் பிரித்தபோது ரஸ்க் வளைந்தது. ரஸ்க் வளைந்து அதுவரை நான் பார்த்ததில்லை. கேக்கை மேஜையில் வைத்தேன், டொக்கென்று சத்தம் வந்தது. அவளோ கட்டிலில் இருந்தபடியே பெட்டியின் மேலிருந்த தங்கள் கையெழுத்தைத் தடவிக்கொண்டு, நாலு மணி டீக்கு ரெண்டு ரஸ்க் கொண்டுவாங்க என்கிறாள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை எதையாவது சூடுபடுத்துவதுதான். சரியென்று சமையலறைக்குள் போய் மைக்ரோவேவில் வைத்தேன். வெளியே எடுத்தபோது பஞ்சு, தட்டில் வைத்து அவளிடம் போவதற்குள் கல். மாடி வீட்டம்மா, காய்ந்த கேக்கோடு ஒரு துண்டு ரொட்டியை டப்பாவில் போட்டு மூடினால் கேக் மெத்தென்று ஆகிவிடும் என்றார்கள். ஆகியும்விட்டது. அந்தக் குஷியில் பிஸ்கட் டப்பாவிலும் ஒரு துண்டு போட்டேன், காலையில் பார்த்தால் பிஸ்கட் எல்லாம் நனைந்த அட்டை. அப்புறம் வெறும் சட்டியில் வாட்டினேன், ஒரு பக்கம் கரியாகி வீடெல்லாம் புகை, பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து கேட்காமல் கொள்ளாமல் அடுப்பில் ஊற்றிவிட்டார். உள்ளேயிருந்து அவள் என்ன கருகுது என்று கேட்க, பக்கத்து வீட்டில் ஏதோ என்று நான் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கடைசியில பிடிபட்டுச்சு மச்சான். ஓவன்ல சூட்டைக் குறைச்சு வெச்சு எட்டு நிமிஷம், எடுத்துட்டுத் தொடவே கூடாது. மொறுமொறுப்பு சூட்டுல வர்றதில்ல, ஆறும்போதுதான் வருது. இது தெரிய எனக்கு மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் தினம் மூணரைக்கு இதுதான் வேலை. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தட்டைக் குடுத்துட்டுக் கதவுக்குப் பின்னாடி நிப்பேன். மொறுக்குன்னு சத்தம் கேட்கும். "அண்ணன் கை அப்படியே இருக்கு"ன்னு சொல்லுவா. எனக்கு அது போதும், அடுத்த நாள் நாலு மணி வரைக்கும் தாங்கும்.

போன மாசம் டாக்டர் என்னை மட்டும் தனியா கூப்பிட்டார். இனிமே மருந்தை மாத்திப் பிரயோஜனம் இல்ல, அவங்க ஆசைப்படறதைக் குடுங்கன்னார். அவ ஆசைப்படறது நாலு மணிக்கு ரெண்டு ரஸ்க். அந்த வாரம் பார்த்து உங்க பெட்டி மழையில நனைஞ்சு வந்துச்சு, பிரிச்சா எல்லாத்துலயும் பூசணம். நமத்ததை எழுப்பலாம், பூசணம் பிடிச்சதை எந்த அடுப்பும் எழுப்பாது. ரெண்டு நாள் பெட்டி வரலன்னு சொல்லிப் பார்த்தேன், வாசல்ல ஆள் நடமாட்டம் கேட்டா தலையைத் தூக்கிப் பாக்குறா. மூணாம் நாள் தெருமுனைக் கடையில பாக்கெட் ரஸ்க் வாங்கி உங்க டப்பாவுல போட்டுக் குடுத்தேன். தின்னுட்டு, "இந்தத் தடவைதான் அண்ணன் ரொம்ப நல்லா போட்டிருக்கு"ன்னா. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். இத்தனை மாசம் நான் பட்ட பாட்டுக்குக் கடை பாக்கெட் பேர் வாங்கிட்டுப் போனது ஒரு பக்கம். கடைசிக் காலத்துல அவளை ஏமாத்திட்டேனேங்கிறது இன்னொரு பக்கம்.

ஆகவே தாங்கள் அடுத்த பெட்டியிலிருந்து காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி அனுப்பிவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் உள்ளே அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். தங்கள் அடுப்பு என்றைக்கும் எரியட்டும், வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: அண்ணா, இது நான். உறையை ஒட்டி வைன்னு என்கிட்ட குடுத்துட்டு இவர் மருந்து வாங்கப் போயிருக்கார். முதல் சிகிச்சையிலேயே எனக்கு நாக்குல ருசி போயிடுச்சு. உப்பும் சர்க்கரையும் ஒண்ணுதான். உன் ரஸ்க் எது, கடை ரஸ்க் எதுன்னு எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னாடி இவர் நிக்கிறது தெரியும், அதனால சத்தமா கடிப்பேன், நல்லா இருக்குன்னு சொல்லுவேன். தகர டப்பா எல்லாம் வேண்டாம், பார்சலே வேண்டாம். துக்கத்துக்கு வந்தவங்க பசியோட நிக்கக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நீ கடையைத் திறந்தேன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் கேட்டேன். நீ வா. இவர்கிட்ட இதையெல்லாம் சொல்லாத. மத்தியானத்துக்கு மேல என்னால உட்கார முடியல, காலையில வந்து சேர்ற வண்டியா பார்த்து ஏறு.