காலண்டர் சொன்ன புத்தி

"நான் ஆமத்தூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று அழகுமீனா பைக்குள் சேலையைத் திணித்தபோதும் செல்லப்பாண்டி வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது. அன்றைய தினக்காலண்டர் தாளில் 'குறைவாகப் பேசு' என்று போட்டிருந்தது.

நல்ல மனுசன்தான். நாற்பது வயதாகிவிட்டதே, இனியாவது முன்னேறுவோம் என்று, தினமும் கிழிக்கிற தாளில் என்ன பொன்மொழி வருகிறதோ அதன்படியே நடக்க ஆரம்பித்திருந்தான். கோளாறு என்னவென்றால், அவன் ஏற்கெனவே அரைவயிறு சாப்பிடுகிறவன், கோழிக்கு முன்னால் எழுகிறவன், கேட்டால் மட்டும் பேசுகிறவன்.

'குறைவாக உண்' என்று வந்த அன்று ஒற்றை இட்லியோடு எழுந்துவிட்டான்.

"எஞ்சமையல் இப்ப கசக்குதாக்கும்" என்று அழகுமீனா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள், 'இன்னும் சீக்கிரம் எழு'. அவளுக்கும் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துக் கோலமும் போட்டான். கோலத்தைப் பார்த்த தெரு முழுக்க, "அழகுமீனாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தது. அவனோ ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி வேனிலேயே தூங்கி விழுந்தான்.

"வெடிமருந்துகிட்ட தூங்குத ஆள உள்ள விட முடியாது, வீட்டுக்குப் போம்" என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு மௌனம். அழகுமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்மேல என்ன கோவம்னு சொல்லிருங்க. சோறு வேண்டாம், நான் போடுத கோலம் வேண்டாம், இப்பப் பேச்சும் வேண்டாம். எம்புட்டுதான் தாங்குவேன்?"

பதறிப்போனவன் காலண்டரைக் கை காட்டினான். அவள் படித்தாள். அவன் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களையும் எடுத்துப் படித்தாள். பை கீழே இறங்கியது.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? கெளம்புங்க, இது அச்சான சிவகாசிக்கு. இத எழுதுனவுகள நாலு கேள்வி கேக்கணும்."

பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து அவன் நிம்மதியாகத் தூங்கினான். அவளும் எழுப்பவில்லை.

அச்சாபீஸில் ஒரு மூலையைக் காட்டினார்கள். பொன்மொழி எழுதும் பலவேசம் அங்கே பட்டப்பகலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி கொள்ளாத உடம்பு, மேஜையில் புரோட்டா தின்ற இலை.

"அண்ணாச்சி, இதெல்லாம் நீங்க எழுதுனதா? இதக் கேட்டு எங்க வீட்டுக்காரரு பாதியா எளைச்சுட்டாக."

கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்த பலவேசம், செல்லப்பாண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயோ தாயி, இவுகளுக்கு இது எதுக்கு? எம்பொண்டாட்டி தெனமும் என்னைய வையிறதத்தான் கொஞ்சம் மரியாதையா எழுதிப் போடுதேன்."