அதிகாரியின் நாற்காலியில் ஒரு அகதி

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். உன் நலமும், என்னைத் திட்டாமல் நாக்கு துருப்பிடித்துக் கிடக்கும் உன் அக்காவின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் அவள் அழுவாள், எனக்குச் சிரிப்பு வந்து தொலைக்கும். அதனால்தான் கடிதம். நீயே அவளுக்குப் படித்துக் காட்டு.

முதலில் ஒரு வெட்கக்கேடு. என் தஞ்ச மனுவுக்கான விசாரணை அறைக்குள் முதல் ஆளாகப் போனேன். ஒரு நாற்காலியில் மட்டும் மெத்தை இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வந்த மொழிபெயர்ப்பாளர் இந்த ஊர்ப் பாஷையில் குனிந்து வணக்கம் வைத்தார். நானும் தலையாட்டி, உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். பின்னாலேயே அதிகாரியம்மா வந்து, தன் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா தஞ்சம் தஞ்சம்னீங்க, இப்ப அகதியாகணும்ங்கிறீங்க, இது பதவி உயர்வா இறக்கமா"ன்னு நக்கலா கேட்டியே, என் மனுவைப் பார்க்கிற வக்கீலம்மா நாலு தடவை சொல்லி எனக்கு ஏறினதைச் சொல்றேன். தஞ்சம் கேட்டவன் கதவைத் தட்டியவன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்கும், கதவு திறக்காது, போடா என்றும் சொல்ல மாட்டார்கள். அகதி என்று ஒப்புக்கொண்டால் உள்ளே வந்தாயிற்று. வாசலில் நிற்பவன் பெண்டாட்டியைக் கூப்பிட முடியாது, உள்ளே வந்தவன் கூப்பிடலாம். நான் மட்டும் அங்கே திரும்பி வரக் கூடாது. பயம் என்று சொல்லிவிட்டு வந்து நின்றால் எல்லாம் போச்சு.

வக்கீலம்மா, அங்கே போய் விளையாட்டுப் பேச்சு கூடாது என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். ஆனால் பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், உனக்கே தெரியும். கும்பல் வந்து நம் கடையை எரித்த அன்று பின்சுவர் ஏறிக் குதித்தபோதும் சிரித்தேனே. அதையெல்லாம் இளித்துக்கொண்டே சொன்னேன். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பிப் போனா என்ன ஆகும்னு கேட்டா, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அழுதா பேச்சு வராதுங்க. பேசத்தானே கூப்பிட்டீங்க."

அதை இந்த ஊர்ப் பாஷையில் சொல்லி முடிப்பதற்குள் மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அதிகாரியம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

முந்தாநாள் வக்கீலம்மா கூப்பிட்டு, "ஒத்துக்கிட்டாங்க" என்றார். ஹோட்டல் சலவை அறையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவன் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேற்பார்வையாளர் ஓடிவந்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, அகதியாகிவிட்டேன் என்றேன்.

இனி அக்காவுக்கு மனுப் போடலாம். நாளாகும், ஆனால் வந்துவிடுவாள். அவளுக்கென்று ஒரு கட்டில் வாங்கிவிட்டேன், இன்று வருகிறது. உன் பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கட்டில் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. நான் மேல் பக்கம் இருக்கிறேன். தபால் பெட்டி கீழ் பக்கம். ஆகவே மேலே எழுதிய எதுவும் இன்னும் உனக்குத் தெரியாது.