ஒடெஸாவும் பதிலாட்களும்

"தாடியஸ் எங்கே?" என்று கேட்டாள் ஒடெஸா.

பெரிய சாக்ஸபோன் வாசிக்கும் தாடியஸின் நாற்காலியில், முன்பின் தெரியாத ஒருவர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவனுக்கு பிராட்வே நாடகத்துல மதிய ஷோ. நான் பதிலாள். பேரு க்ளைவ்."

நியூயார்க் வாத்தியக்காரர்களின் தர்மம் இது. வர முடியாதவன் லீவு சொல்ல மாட்டான். பதிலாளை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தன் வழியே போய்விடுவான். வேறு நாளாயிருந்தால் ஒடெஸா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். இன்று அவளுடைய முதல் ஜாஸ் ஆல்பத்தின் ஒலிப்பதிவு. பதினெட்டுப் பேர் கொண்ட குழு. யாரும் துணியாத மெட்டுகள். நடுவில் அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடி, ஒரே சுரத்தில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் வேறு. புரூக்ளினில் இந்த ஸ்டூடியோ கிடைத்ததே இன்று ஒரு பகலுக்குத்தான். விட்டால் இவ்வளவு பேரையும் மறுபடி கூட்டுவது நடக்கிற காரியமில்லை.

"சரி, வாசிங்க."

க்ளைவ் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது சின்ன சாக்ஸபோன்.

"சாக்ஸபோன்னுதானே சொன்னான்? சைஸ் சொல்லலையே!"

பக்கத்து நாற்காலி இஸடோர் எழுந்தான். "பெருசு என் வீட்ல இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் என் இடம் காலியா இருக்கக் கூடாதுல்ல? ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கேன்."

அந்த ஆள் கிளாரினெட்டோடு வந்தார். இஸடோர் வரவில்லை, போன்தான் வந்தது.

"கோவிச்சுக்காத ஒடெஸா. வழியில ஒரு கல்யாணக் கச்சேரிக்கு என்னைப் பதிலாளா இழுத்துட்டாங்க."

அவள் போனை வைப்பதற்குள் டிரம்மர் லமாண்ட் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"இன்னிக்கு இந்தப் பக்கம் தெரு கூட்டுற நாள். காரை மாத்தி நிறுத்தலேன்னா அபராதம் எழுதிடுவான்."

"நீ போனா டிரம்ஸுக்கு யாருடா?"

"புரூக்ளின்ல டிரம்மருக்கா பஞ்சம்?"

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, காருக்கு இடம் தேடிப் போனவன் போனவன்தான்.

ஒடெஸாவுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல், கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைப் பெரியவர். காதில் ஹெட்போன். அவள் எப்போது திரும்பிப் பார்த்தாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இங்கே தன் வேலையை ஒழுங்காகப் பார்ப்பவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் எழுதின தாளை யாரும் பார்க்க வேணாம்," என்றாள் கடைசியில். "என் கையைப் பாருங்க, போதும்."

"எந்த சுரம்னு கை சொல்லுமா?" என்றார் க்ளைவ்.

"சொல்லும்யா, வாசிங்க!"

வாசித்தார்கள். சின்ன சாக்ஸபோன் தயங்கித் தயங்கி ஏற, கிளாரினெட் அதை வம்புக்கு இழுத்தது. பஸ்ஸைத் தவறவிட்ட கோபத்தையெல்லாம் புதிய டிரம்மர் டிரம்ஸ் மேல் காட்டினார். எல்லோரும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். இனி சேரவே மாட்டார்கள் என்று அவள் கண்ணை மூடிய கணத்தில், பதினெட்டுப் பேரும் ஒரே சுரத்தில் வந்து இறங்கினார்கள்.

அவள் எழுதியதைவிட நன்றாக இருந்தது. ஒடெஸா சந்தோஷத்தில் கைதட்டினாள்.

"இதுதான் ஆல்பம்! இன்னொரு தடவை இப்படி வாசிக்க யாராலயும் ஆகாது!"

கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "எப்படி வந்திருக்கு சார்?"

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை இழுத்தார்.

"பிரமாதம்மா! நானும் பதிலாள்தான். இதுல ரெக்கார்ட் பண்ற பட்டன் எதுன்னு சொன்னீங்கன்னா, ஆரம்பிச்சிடலாம்."