மயில் கழுத்துப் புடவையும் சீமைக்கருவேல முள்ளும்

காட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனவள் எங்கள் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் மாப்பிள்ளை பார்ப்பதற்காக.

அதற்கு முன்பு இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. "பொண்ணு ரொம்பக் கேள்வி கேக்குது" என்று இரண்டு வீட்டாரும் ஒரே காரணத்தைச் சொல்லி அனுப்பினார்கள். (முதல் மாப்பிள்ளையிடம் வழுக்கை பரம்பரையா, தண்ணீர்க் கோளாறா என்று கேட்டிருந்தேன். தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன்?)

மூன்றாவதாக வந்தவர் பெயர் சரவணன். தாம்பரம் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை ஓரத்தில் உள்ள ஒரு வனவிலங்குக் காப்பகத்தில், வருகிறவர்களுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுவாராம். அங்கேயே ஒருதரம் பார்த்துப் பேசிவிடலாமே என்றார். சித்தி துணைக்குப் போவதானால் சரி என்றாள் அம்மா. 'மங்கலான நிறத்தில் உடை, ஷூ' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குறிப்பைப் படித்துவிட்டுச் சித்தி சிரித்தாள்.

"மொத மொத பார்க்கப் போறோம். தறிக்காரர் வூட்டுப் பொண்ணு சாம்பல் கலரு சுடிதார்லயா போவ? உங்கப்பா நெய்ஞ்ச மயில் கழுத்தக் கட்டிக்கோ. அங்க வந்து கேள்வி எதுவும் கேக்காத, இன்னா?"

மயில் கழுத்து என்பது நிறத்தின் பெயர். பாவில் நீலம், ஊடையில் பச்சை, அதாவது நீளவாட்டில் ஒன்று, குறுக்கில் ஒன்று. அசைந்தால் நிறம் மாறும். பிறந்ததிலிருந்து அந்த நிறத்தோடு வளர்ந்தவள் நான். ஆனால் அசல் மயிலின் கழுத்தை ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

காப்பகத்து வாசலில் சரவணன் என் புடவையைப் பார்த்தார். "பாதைய விட்டு எறங்கக் கூடாதுங்க. சத்தம் கூடாது. செடி கொடி எதையும் ஒடிக்கக் கூடாது" என்றார். கட்டிப் பழகாத புதுப் பட்டு. அடிக்கு அடி சரசரவென்று அது போட்ட சத்தத்தில் மூன்று புள்ளிமான்களின் முதுகை மட்டும் பார்க்கக் கிடைத்தது. பறவை என்று ஒன்றுமே தங்கவில்லை.

அப்போதுதான் ஒரு புதருக்குப் பின்னால் கொண்டை ஆடியது. மயில்! சித்தி சொன்னது, சரவணன் சொன்னது எல்லாம் மறந்துபோய்ப் பாதையை விட்டு இறங்கினேன். நாலாவது அடியில் முந்தானை முள்ளில் மாட்டியது. அதை எடுக்கக் குனிந்தேன், கொசுவமும் மாட்டியது.

"ஒரே இழுவா இழு, வந்துடும்" என்றாள் சித்தி.

"ஐயோ, இழுக்காத சித்தி. சரிகை பூரா போயிடும்."

"அப்ப கிளைய ஒடிச்சுப் போடு."

"ஒடிக்கக் கூடாதுன்னு சொன்னாரே."

இருவரும் சரவணனைப் பார்த்தோம். அவர் பின்னந்தலையைச் சொறிந்தார். "ரூல்ஸ் இருக்குதுங்க. நானே எடுத்து விடுறேன்" என்று மண்டி போட்டு உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம். ஒவ்வொரு முள்ளாக, ஒவ்வோர் இழையாக எடுத்தார். மூன்றாவது வரனும் முள்ளில் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் அசையாமல் இருந்ததாலோ என்னவோ, ஓடிப்போன மயில் திரும்பி வந்து பத்தடி தூரத்தில் நின்றது. கழுத்தைத் திருப்பியது. நீலம் பச்சையானது, பச்சை நீலமானது. என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"இதுல எது பாவு, எது ஊடை?"

சித்தி என் இடுப்பில் கிள்ளினாள்.

"ரெண்டும் இல்லீங்க" என்றார் சரவணன், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த எறகுல நீலச் சாயமே கெடையாது. அரைச்சுப் பார்த்தா பழுப்பாத்தான் இருக்கும். வெளிச்சம் படுறதுலதான் அப்பிடித் தெரியுது."

"நிழல்ல நின்னா? மழையில நனைஞ்சா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, "உங்க பொடவையில எப்பிடி வருது?" என்று அவர் கேட்டார். பெண் பார்க்க வந்த யாரும் அதுவரை சமைக்கத் தெரியுமா என்பதைத் தவிர என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தவள் கடைசி முள் வரைக்கும் நிறுத்தவில்லை.

வெளியே வரும்போது வாசலில் இருந்த காவலர், "இன்னாம்மா, இவ்ளோ நேரம்?" என்றார். நடந்ததைச் சித்தி ஒப்பாரியாகச் சொன்னாள்.

"நீட்டு முள்ளு, பொடி எலையா? சீமைக்கருவேலம்மா அது! ஒடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கலாமே. காட்டையே கெடுக்குதுன்னு அதத்தான் வெட்டிக்கினு இருக்கோம். போன வாரம் சார்தானே கூட நின்னு வெட்ட வெச்சாரு?"

சரவணன் அண்ணாந்து வானத்தில் ஏதோ பறவையை உற்றுப் பார்த்தார். வானத்தில் பறவை எதுவும் இல்லை.

பஸ் ஏறியதும் சித்தி அம்மாவுக்குப் போன் போட்டாள். "அக்கா, இந்தப் பையன விட்டுடாத. மாட்டிக்கினா சமாளிக்கக்கூடத் தெரியல."

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. நான் இன்னமும் கேள்வி கேட்கிறேன், அவர் இன்னமும் பதில் சொல்கிறார். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்ததில்லை: அன்றைக்கு ஏன் கிளையை ஒடிக்கவில்லை? கேட்டால் "ரூல்ஸ்" என்பார். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் அம்மா வீட்டுக்கு நான் வந்திருக்கும்போது வாசலில் அவர் பைக் சத்தம் கேட்டால் போதும், சித்தி உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறாள்:

"மாப்ள வந்துட்டாருடி. எது மாட்டிக்கினாலும் அவரு கையாலயே எடுக்கட்டும், கத்திரிக்கோல எடுத்து ஒளிச்சு வை."