பல் கத்தரியும் பச்சைக் காய்கறியும்

இந்த ஜென்மத்தில் இனி காய்கறித் தட்டைத் தொடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வரைக்கும் சபதம் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தது.

நான் தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. உட்கார்ந்தே தைத்ததில், எனக்கு முன்னால் என் வயிறு மெஷினைத் தொட ஆரம்பித்துவிட்டது. டாக்டர் பார்த்தார். "சாயங்காலம் பொரிச்சது கிடையாது. ஒரு தட்டு பச்சைக் காய்கறி" என்றார். என் மனைவிக்குக் கடவுள் வாக்குக்கு அடுத்தபடி டாக்டர் வாக்கு. அன்று முதல் வெள்ளரி, கேரட், ஏதோ ஓர் இலை. முயல்கூட ஒருநாள் முகம் சுளிக்கும். எனக்கு அந்த உரிமையும் இல்லை.

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. பச்சைக் காய்கறிகளில் மாத்திரைக்கு மசியாத கிருமி! சந்தோஷத்தில் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே தோளில் தைத்துவிட்டேன்.

ஆனால் செய்தியின் கீழ்ப்பாதியில் வில்லங்கம். 'நன்றாகக் கழுவி வேகவைத்தால் பயமில்லை' என்று போட்டிருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை. துணி விளிம்பு பிரியாமல் பல் பல்லாக வெட்டுகிற கத்தரிதான் கைக்கு வந்தது. வெட்டினேன். போன மாதம் தொண்டை வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த மாத்திரைகள் மெஷின் டிராயரில் உதிரியாகக் கிடந்தன; அவற்றைக் கீழ்ப்பாதியில் மடித்து உள்ளே தள்ளினேன். மேல்பாதியோடு சமையலறைக்கு ஓடினேன்.

"இதப் பாரும்மா!"

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஐயோ சாமி! மாத்திரைக்கே சாகாதா?"

"சாகாது. ஏப்பம் விடும்."

"ஏங்க, பேப்பர் ஏன் பல்லைக் காட்டுது?"

"செய்தி அப்படி! காட்டாம என்ன செய்யும்?"

"அப்ப சாயங்காலம் என்னதான் சாப்பிடுவீங்க?"

"உருளைக்கிழங்கை வறு. கொதிக்கிற எண்ணெயில எந்தக் கிருமி நீச்சல் அடிக்கும்?"

என் உயிரைக் காப்பாற்றிய பேப்பர்காரருக்காக அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். எனக்கு லேசாகக் குத்தியது. வறுவல் வாசனை வந்ததும் குத்தல் நின்றுவிட்டது.

மூன்று நாள். மொறுமொறுவென்று மூன்று நாள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டு மூடியபடி வந்தது. திறந்தேன். வேகவைத்த கேரட், வேகவைத்த பீன்ஸ். எண்ணெய் கண்ணிலேயே படவில்லை. பக்கத்தில் அந்தச் செய்தி, முழுசாக. நடுவில் நீல நூலால் அழகாகத் தைத்திருந்தாள்.

"தலையணை உறை பிரிஞ்சிருந்துச்சு. ஊசி நூல் எடுக்க உங்க டிராயரைத் திறந்தேங்க. பல்லோட பல்லு எவ்வளவு கச்சிதமாப் பொருந்துது பாருங்க! தொழில் சுத்தம்."

நான் கேரட்டைப் பார்த்தேன். கேரட் என்னைப் பார்த்தது.

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"கண்ணாடி..."

"மூக்குலதான் இருக்கு. நான் படிச்சேன். அஞ்சு நாள் மாத்திரையை மூணாம் நாளே நிறுத்துறவங்களாலதான் கிருமிக்கு இவ்வளவு திமிராம்."

"அதுல என் பேரா போட்டிருக்கு?"

"பேரு போடல. மிச்ச மாத்திரையைத்தான் மடிச்சு வச்சிருந்தீங்களே."

"சரி, இப்பவே முழுங்கிடறேன். கொண்டா!"

"அப்படி நெனச்ச நேரத்துல போடக் கூடாதாம். டாக்டர்கிட்டயே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

கையில் எடுத்த கேரட்டைத் தட்டிலேயே வைத்தேன். "டாக்டர்கிட்டயா? வேற என்ன சொன்னே?"

"கேட்டாரு, சொன்னேன். பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தாதா? வறுவலையும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தாள். குரலில் அவ்வளவு பாசம்.

"இனிமே மூணு வேளையும் இதுதானாம், ஆறு மாசத்துக்கு. பாதியில நிறுத்துற ஆளு, பக்கத்துலயே நின்னு பாத்துக்கம்மான்னாரு."