சாப்பாட்டு மேசை மரத் தேர்வுக் குழு

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே ஆழமாக யோசித்து எடுத்தது எது என்று யாராவது கேட்டால், அவரைத் தயங்காமல் ஒதியம்பட்டுக்கு பஸ் ஏற்றிவிடலாம். அங்கேதான் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் திரு. வைத்திலிங்கம் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மரம் தேர்ந்தெடுத்தார். அதற்காகப் பதினொரு மாதத்தில் பதினொரு கூட்டம் நடந்தது. நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்கள்கூட அத்தனை கூட்டம் போட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

மகத்தான காரியங்கள் எல்லாம் சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். போன ஆடி மாதம் அவருடைய மனைவி சிந்தாமணி முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனாள். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே தரையில உட்கார்றதே கூடாதும்மா. சாப்பாடுகூட நாற்காலி மேசையிலதான். தள்ளிப்போடாதீங்க" என்றார்.

வைத்திலிங்கத்தின் வீட்டில் மேசை கிடையாது. முப்பது வருடமாக டிவிக்கு எதிரே தரையில்தான் சாப்பாடு. அன்று சாயங்காலமே வில்லியனூரிலிருந்து தச்சு வேலை செய்யும் இன்னாசி வந்து சேர்ந்தான்.

"காஞ்ச வேப்பம்பலகை பட்டறையில சும்மா கெடக்குது சார். வர்ற வெள்ளிக்கெழமை மேசையாக் கொண்டாந்து போட்டுடறேன். அம்மா உட்கார்ந்து சாப்புடட்டும்."

வைத்திலிங்கம் அவனைக் கருணையோடு பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் பணிபுரிந்தவர் அவர். அங்கே ஒரு மின்விசிறியை மாற்ற ஏழு கையெழுத்து வேண்டும். புது விசிறி வந்தபோது, புழுக்கமாக இருக்கிறது என்று மனு எழுதியவர் பணி ஓய்வு பெற்றுப் பேரன் எடுத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையா? இன்னாசி, இது மேசைப்பா. பெஞ்சு இல்ல."

"ரெண்டுக்கும் நாலு காலுதான் சார்."

"இந்த அவசரத்தாலதான் நாடு இப்படி இருக்குது."

நாட்டைக் கெடுத்தது தான்தான் என்பது இன்னாசிக்கு அன்றுதான் தெரிந்தது. தலையைச் சொறிந்துகொண்டே சைக்கிளை எடுத்தான்.

மறுநாள் குழு அமைக்கப்பட்டது. தலைவர், வைத்திலிங்கம். மகளிர் பிரதிநிதி, பக்கத்து வீட்டு பிரேமா. தொழில்நுட்ப அழைப்பாளர், இன்னாசி. ஆனால் ஓட்டுரிமை இல்லை, மரத்தைப் பற்றித் தெரிந்தவர் ஓட்டுப் போட்டால் நடுநிலை கெட்டுவிடும். நிபுணர், சிலம்பரசன். சிந்தாமணி 'பயனாளி'. பயனாளிகள் குழுவில் இருப்பது மரபு இல்லை. ஆகவே டீ போடும் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது.

நிபுணரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலம்பரசன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். ஒருநாள் ஒரு மரம் தன்னைக் கூப்பிட்டது என்று ராஜினாமா செய்துவிட்டு, பாகூர் பக்கம் தென்னந்தோப்பில் 'இயற்கை வாழ்வியல் மையம்' திறந்தான். கூப்பிட்டது எந்த மரம் என்று இன்றுவரை சொல்லவில்லை. அவன் மையத்தில் கழிப்பறைக் கதவைக்கூடக் கதவு என்று சொல்லக் கூடாது. 'அனுபவம்' என்று சொல்ல வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் இல்லாததால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது.

முதல் கூட்டத்தில் சிலம்பரசன் இன்னாசி கொண்டுவந்திருந்த தேக்குத் துண்டில் காதை வைத்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் கேட்டான்.

"இது ரொம்ப ஈகோ உள்ள மரம் சார். சாப்பாட்டை மதிக்காது."

தேக்கு தள்ளுபடி ஆயிற்று. இன்னாசியும் ரகசியமாக ஒருமுறை காதை வைத்துப் பார்த்தான். டீ உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

இரண்டாவது கூட்டத்தில் வேம்பு.

"பூச்சி அரிக்காது, நாள்பட உழைக்கும் சார்" என்றான் இன்னாசி.

"அய்யய்யோ!" என்று பிரேமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அது ஆத்தா குடியிருக்கற மரம். அதுமேல மீன் கொழம்பை ஊத்தி அடிப்பீங்களாண்ணே?"

வைத்திலிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் மீன் சாப்பிடும் வீடு. மீன் இருக்கும் நாளில் தரை, மற்ற நாளில் மேசை என்று ஒரு சமரசத் தீர்மானம் பரிசீலிக்கப்பட்டது.

"எங்க மாதா கோயில்ல பீடமே வேம்புதான் சார்" என்றான் இன்னாசி. "நான்தான் செஞ்சேன்."

"உங்க சாமிக்கு மீன் ஆவுமாப்பா?"

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க! அஞ்சாயிரம் பேருக்கு மீன் போட்டதே அவருதானே."

"மேசை போட்டா?"

"இல்ல சார். புல்தரையில உட்கார வெச்சு."

"அவங்க யாருக்கும் முட்டி வலி இல்ல போலருக்குது" என்றாள் டீத் தட்டோடு வந்த சிந்தாமணி.

நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அந்தக் கருத்து குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

மாமரம் சுடுகாட்டுக்குப் போகிற கட்டை என்று பிரேமா அதைத் தடுத்தாள். புளியமரத்தில் யார் குடியிருப்பார்கள் என்று அவள் சொல்லவே இல்லை. கண்ணை மட்டும் உருட்டினாள், மரம் தள்ளுபடி ஆயிற்று. பலாவில் வீணை செய்கிறார்கள், நாதம் உள்ள மரம் என்றான் சிலம்பரசன்.

"அப்போ நான் ரசம் உறிஞ்சினா வூடு பூரா கேக்குமா?" என்று கவலைப்பட்டார் வைத்திலிங்கம்.

"இப்பவே எங்க வூட்டுக்குக் கேக்குதுண்ணே" என்றாள் பிரேமா.

இப்படி மரங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்துகொண்டிருந்த மாதங்களில் பயனாளி என்ன செய்தாள் என்று சிலர் கேட்கலாம். அவளுக்கு 'இடைக்கால ஏற்பாடு' செய்யப்பட்டிருந்தது. வாஷிங்மெஷின் மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். மெஷின் துணியை அலசும்போது சாம்பார் தானாகவே சோற்றோடு கலந்துகொண்டது. இது எந்த மேசையிலும் கிடைக்காத வசதி என்று வைத்திலிங்கம் பிறரிடம் பெருமைப்பட்டார். அவர் மட்டும் பழைய முறைப்படி தரையில் அமர்ந்தார். அவருக்குக் குனிந்து குனிந்து பரிமாறுவது ஒன்றுதான் அவளுக்கு வேலை.

"ஏங்க, கடையில ஒரு பிளாஸ்டிக் மேசையாவது வாங்கிப் போடுங்களேன்" என்று அவள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"பிளாஸ்டிக்கா!" வைத்திலிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். "சிந்தா, நாம இயற்கைக்கு மாறிக்கினு இருக்கறோம். குழு நடக்கும்போது இன்னொரு மேசை வாங்கினா, குழுவுக்கு இன்னா மரியாதை?"

ஐந்தாவது கூட்டத்தில்தான் வரலாற்றுத் திருப்பம். சிலம்பரசன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சார், வெட்டின மரத்துல வலி இருக்கும். அந்த வலி அப்படியே சாப்பாட்டுல இறங்கும். தானா விழுந்த மரம்தான் மேசைக்கு ஆகும்."

வைத்திலிங்கத்தின் கண்கள் கலங்கின. "பாவம், அதுக்கும் வலிக்கும்தானே!"

சமையலறையில் ஒரு மூடி விழுந்து நெடுநேரம் சுற்றியது.

அன்றிலிருந்து அவர் வீட்டில் தங்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காட்டேரிக்குப்பத்திலிருந்து கிருமாம்பாக்கம் வரைக்கும் கிழட்டு மரங்களை நலம் விசாரிக்கப் போனார். எந்த மரம் இருமுகிறது, எந்த மரம் தள்ளாடுகிறது என்று கணக்கெடுத்தார். கடைசியில் கிருமாம்பாக்கத்தில் ஐயனார் என்ற விவசாயியின் தோப்பில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் அவர் மனதைக் கவர்ந்தது. நிபுணர் அதற்கு உடனே 'மழைமரம்' என்று பெயர் மாற்றினான். தூங்குமூஞ்சி மேல் சோறு வைத்துச் சாப்பிட்டோம் என்று வெளியே சொல்ல முடியுமா?

வைத்திலிங்கம் தினமும் போய் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு வாரம் பொறுத்த ஐயனார் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார் வேணும் ஒங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. இது எப்ப விழும்?"

"எப்ப விழுமா? யோவ், நான் இதுக்குக் கீழதான்யா தெனம் படுக்கறேன்!"

"கோவிக்காதீங்க. அவசரமில்ல. விழுந்தா ஒரு போன் பண்ணுங்க, போதும்."

"யாருக்கு அவசரமில்ல? எனக்கா, மரத்துக்கா?"

வைத்திலிங்கம் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கோப்பில் அன்றாடம் குறிப்பு எழுதினார்: 'கிழக்கு வேர் தளர்ந்துள்ளது. மேற்குக் கிளையில் பொந்து, ஆழம் ஒரு முழம். காலையில் சற்றுச் சோர்வாகக் காணப்பட்டது. மாலையில் தேவலை.' ஐப்பசியில் வானிலை அறிக்கைக்காகத் தவம் கிடந்தார். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுவிழந்தது என்று டிவியில் சொன்னபோது ஊரே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது; அவர் மட்டும் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார்.

கார்த்திகையில் ஒரு பகல். காற்று இல்லை, மழை இல்லை. ஐயனார் டீ குடிக்க கடலூர் ரோட்டுக்கு வந்த நேரம் பார்த்து மரம் விழுந்தது. மரியாதை தெரிந்த மரம்.

குழு முழுவதும் ஸ்தலத்துக்கு விரைந்தது. ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டான். மரத்துக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை. ஏழடி நீளம், மூன்று அங்குலக் கனத்தில் ஒரே பலகையாக அறுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி ஒதியம்பட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தின் நடுவில் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தினார்கள்.

"பச்சை மரம் சார்" என்றான் இன்னாசி. "ஒரு அங்குலம் காய ஒரு வருசம். இது காய மூணு வருசம் ஆவும். மெலிசா அறுத்து டவுன்ல சூட்டறையில வெச்சா மூணே வாரந்தான்."

"மறுபடியும் அறுக்கறதா? விழுந்த அதிர்ச்சியே அதுக்கு இன்னும் போகலப்பா!"

அதன்பிறகு அந்த வீட்டில் பலகைக்குக் கிடைத்த கவனிப்பு வேறெங்கும் காண முடியாதது. கூடத்து மின்விசிறி இரவும் பகலும் அதற்கே ஓடியது. வெயில் படக் கூடாது என்று ஜன்னலுக்கு சிந்தாமணியின் புடவை கட்டப்பட்டது. பலகை வழியை அடைத்துக்கொண்டதால், அவள் சமையலறைக்குப் போக வாசல் படி இறங்கி, வீட்டைச் சுற்றி, கொல்லைப் படி ஏற வேண்டியிருந்தது. நடை உடம்புக்கு நல்லது என்று குழு கருதியது. காலையில் எழுந்ததும் வைத்திலிங்கம் பலகையைத் தடவி, "நேத்துக்கு இன்னிக்கு பரவால்லையா?" என்று கேட்பார்.

"அண்ணன் இன்னா பாசமாத் தடவறாரு பாருக்கா" என்றாள் பிரேமா.

"நானும் வேரோட சாய்ஞ்சாத்தான் தடவுவாரு போல."

ஆனி பிறந்தது. சிந்தாமணி தானே போன் போட்டு இன்னாசியை வரச்சொன்னாள். "அது காயறப்ப காயட்டும்பா. நீ காலுக்காவது அளவெடுத்து வெச்சுக்கோ."

இப்படியாகப் பதினொன்றாவது கூட்டம் கூடியது. இன்னாசி டேப்பை நீட்டி உயரம் குறித்தான், அகலம் குறித்தான். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஒரே ஒரு கேள்விதான் சார். அம்மாவுக்கு எந்தக் காலு வலி?"

"அது எதுக்கு?"

"வலிக்கற காலை நீட்டிக்க எடம் வேணும்ல? அந்தப் பக்கம் மேசைக்காலை உள்ளத் தள்ளி வெக்கணும். இடதா, வலதா?"

வைத்திலிங்கம் கம்பீரமாகக் கோப்பைத் திறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கிழக்கு வேர் இருந்தது. மேற்குப் பொந்து இருந்தது. தேக்கின் குணம், பலாவின் நாதம், ஐயனாரின் போன் நம்பர் எல்லாம் இருந்தன. முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் புரட்டினார். நெற்றியில் வியர்த்தது, விசிறி பலகைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு இடதுன்னு அதிர்வு வருது சார்" என்றான் சிலம்பரசன், கண்ணை மூடி.

"வலது மாதிரி இல்ல?" என்றாள் பிரேமா.

"கருத்து வேறுபாடு உள்ளதால் ஓட்டுக்கு விடறேன்" என்றார் வைத்திலிங்கம். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. தலைவர் தம் ஓட்டை இடதுக்கு அளித்தார். தீர்மானம் நிறைவேறியது.

இன்னாசி டேப்பைச் சுருட்டவில்லை. வாசல் பக்கமாகத் திரும்பிப் பார்த்தான். அங்கே சிந்தாமணி வீட்டைச் சுற்றி வந்து, டீத் தட்டோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"குழு போட்டப்ப வலது" என்றாள். "இப்ப ரெண்டும்."

வைத்திலிங்கம் நிலைகுலையாதவர். பேனாவைத் திறந்தார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவருடைய அலுவலகப் பழக்கம். "'இடது' என்பது 'இரண்டும்' எனத் திருத்தப்படுகிறது. திருத்தத்துக்குக் காரணம்..."

பேனா நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் சிந்தாமணி. "ஒங்க பேரை எழுதுங்க. முப்பத்துநாலு வருசம் எல்லா ஃபைல்லயும் போட்டுப் பழகின கையெழுத்துதானே."