சிவப்புக்கொடித் தோழர்

வீட்டுக் கணினியை விடுதலை செய்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன்.

விடுதலை என்ற சொல்லையே மனைவியிடமும் பயன்படுத்தினேன். நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எவனோ முதலாளியாக உட்கார்ந்திருக்கிறான், அவனைக் கிளப்பிவிட்டு, எவனுக்கும் சொந்தமில்லாத லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் குடிவைத்தால்தான் அது நம் பெட்டி என்றெல்லாம் விளக்கினேன். அவள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். விடுதலை முடிந்ததும் அந்த மேசையைக் கொஞ்சம் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. காரணம் ஒரு ரயில்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவள் ஒரு மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தைத் தயங்காமல் படிக்கிற அபூர்வப் பிறவி. பிள்ளைகள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியதும் பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பைத் தேநீர், இருட்டும் வரை ஒரு மணி நேரம். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதன் மேல் ரயில் ஏறிவிட்டது.

அது ஒரு கணினி விளையாட்டு. நாலு பேர் நாலு வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரயில் பாதையை நடத்த வேண்டும். ஒருவர் வண்டி ஓட்டுவார், ஒருவர் சிக்னல் போடுவார். இவளுடைய அக்கா எங்கிருந்தோ இதைக் கண்டுபிடித்துத் தங்கையையும் இழுத்துவிட்டார். அக்கா ஓட்டுநர். இவள் சிக்னல். இவளோடு மருந்து ஜன்னலில் நிற்கும் ஒரு பெண் பயணச்சீட்டு. நான் பால்கனியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். உள்ளே இருந்து, "அக்கா, பிரேக்க பிடி, பிரேக்க பிடி" என்று குரல் வரும். பிறகு ஒரு சிரிப்பு. என்னோடு இருக்கும்போது அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. அந்த வயிற்றெரிச்சலை எந்தத் தேநீரால் அணைக்க முடியும்?

'சாயங்காலம் நீ என்னோடு உட்காரேன்' என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு இந்த வாக்கியம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதை வெளியே எடுப்பதைவிட ஒரு கணினியைத் தலைகீழாகப் புரட்டுவது சுலபம்.

லினக்ஸ் எனக்குக் கைவந்த கலை. 'லினக்ஸில் விளையாடுவோம்' என்று இணையத்தில் ஒரு தமிழ் மன்றம் இருக்கிறது. பெங்குவின் லினக்ஸின் சின்னம் என்பதால் அங்கே என் பெயர் கிழட்டுப் பெங்குவின். வேறு கணினிகளுக்காகச் செய்த விளையாட்டுகளை லினக்ஸில் எப்படி ஓட வைப்பது என்று அலசுவதற்கான இடம். நான் பெரிதாக விளையாடுகிறவன் இல்லை. ஓடாத ஒன்றை ஓடவைப்பதுதான் என் விளையாட்டு. ஓடியதும் மூடி வைத்துவிட்டு, ஓடாத வேறொன்றைத் தேடிப் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவன் ஓடுகிற ஒன்றை ஓடாமல் செய்ய உட்கார்ந்தேன். இந்த மாதிரி விளையாட்டுகள் லினக்ஸில் ஓடவேண்டுமானால் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். விளையாட்டு ஒரு மொழியில் கேட்கும், அதை லினக்ஸுக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொல்லும் சின்ன நிரல் அது. அந்தத் துபாஷியை நான் வீட்டுக்குள் விடவில்லை. பின்னால் எவரும் அழைத்து வந்துவிடக்கூடாது என்று அமைப்புக் கோப்பில் அதற்கு ஒரு தடையும் போட்டேன். அதோடு விட்டேனா? திரையை இயக்குகிற டிரைவர் என்ற நிரலிலும் சரியானதைப் போடாமல், நத்தையைப் போல நகர்கிற ஒன்றைப் போட்டு வைத்தேன். மேசையையும் துடைத்தேன்.

மத்தியானம் வந்தவளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். எல்லாம் பிரமாதமாக இருக்கிறது, அந்த ரயில் மட்டும் லினக்ஸில் வராது.

"வராதா?"

"வரவே வராது."

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

ஒரு சண்டைக்கு வேண்டிய பதில்களை எல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை.

மறுநாள் சாயங்காலம் அவள் பால்கனிக்கு வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். இரண்டு நாற்காலியும் நிரம்பின. அவள் கையில் அவள் கைப்பேசி, என் கையில் என் கைப்பேசி. பேச்சு அதிகமில்லை. பரவாயில்லை, ஆள் பக்கத்தில் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் மன்றத்தில் அந்த வாரம் நல்ல வேலை. ஒரு புது ஆள் வந்து சேர்ந்திருந்தார். பெயர் சிவப்புக்கொடி.

தொழிற்சங்க ஆள் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, முதல் பதிலிலேயே தோழர் என்று அழைத்துவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. அவர் கேட்டது அந்த ரயில் விளையாட்டைப் பற்றித்தான். அது லினக்ஸில் வரவே வராது என்று தன்னிடம் ஒருவர் சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருந்தார். பாதி ஊர் அந்த ரயிலில்தான் போய்க்கொண்டிருக்கிறது, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எனக்குப் பட்டது வேறு. 'வராது' என்ற சொல்லை மன்றத்தில் எவர் சொன்னாலும் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். லினக்ஸில் வராதது என்று ஒன்றும் இல்லை, அப்படிச் சொன்னவருக்கு லினக்ஸும் தெரியாது, ரயிலும் தெரியாது என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே இவள் கைப்பேசியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். என் திட்டம் பலித்துவிட்டது, மனுஷி பழைய மாதிரி ஆகிவிட்டாள் என்று எனக்கும் சந்தோஷம்.

தோழருக்கு நான் காட்டிய பொறுமையை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. கணினியின் முழு விவரத்தையும் அப்படியே எடுத்து ஒட்டச் சொன்னேன். எப்படி எடுப்பது என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். வரிசை எண் போட்டுச் சொன்னேன். ஒட்டினார்.

பார்த்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. திரைக்கு நத்தை டிரைவர். துபாஷிக்குத் தடை. கணினியும் எங்கள் வீட்டில் இருக்கிற அதே பழைய மாதிரி. இதை அமைத்துக் கொடுத்தவர் ஒன்று அரைகுறையாக இருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே கெடுத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். வேண்டுமென்றுகூடச் செய்வார்களா என்று தோழர் அப்பாவியாகக் கேட்டார். சில வீடுகளில் நடக்கும் தோழர், மனதில் இருப்பதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் செய்கிற வேலை இது என்று பதில் போட்டேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

என் கைவேலை எனக்கே அடையாளம் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்தது. அதுதான் கொடுமை. நானும் இதைத்தானே செய்தேன் என்று பளிச்சென்று பட்டது. உடனே என்ன நினைத்தேன் தெரியுமா? உலகத்தில் என்னைப் போலவே இன்னொரு புருஷனும் இருக்கிறான் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

நான் ஒரு பதில் போட்டதும் இவள் தண்ணீர் குடிக்க உள்ளே போவாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் தோழரிடமிருந்து அடுத்த கேள்வி வரும். இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாளே, உடம்புக்கு ஏதாவதா என்றுகூட ஒருநாள் கவலைப்பட்டேன். லென்ஸில் தலைமுடி அளவு கீறல் இருந்தால் கண்டுபிடித்துவிடுகிற கண் இது.

கடைசிப் படி வந்தது. தடையை நீக்கக் கடவுச்சொல் கேட்கிறது, தனக்குத் தெரியாது என்றார் தோழர். வீட்டில் எவருக்குத் தெரியுமோ அவரிடமே கேட்டு வாங்குங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி அனுப்பிவிட்டு அவருடைய பதிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் இவள் குறுக்கே பேச்சுக் கொடுத்தாள்.

"என்னங்க, அந்தக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன?"

"நம்ம கல்யாண நாள்தான். வேற என்ன?" என்றேன். தலையைத் தூக்கவில்லை. தோழருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை எனக்கு.

இவள் தண்ணீர் குடிக்கப் போனாள். சற்று நேரத்தில் தோழர் எழுதினார். கடவுச்சொல் கிடைத்துவிட்டதாம். நினைத்ததைவிட நல்ல கடவுச்சொல்லாம். வாழ்த்துகள் தோழர் என்று எழுதி, நம் தத்துவத்தின் வெற்றி இது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் வேலை அதிகம். சற்றுத் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். பால்கனியில் ஒரு நாற்காலியின் பக்கத்தில் ஃபிளாஸ்க், ஒரே ஒரு கோப்பை. உள்ளே இருந்து குரல் வந்தது. "அக்கா, பிரேக்க பிடி."

அறை வாசலில் போய் நின்றேன். காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் விலக்கிவிட்டு அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"ஓடுதா?" என்றேன்.

"நல்லா ஓடுது. முன்னவிட வேகம்."

"யாரு சரி பண்ணிக் குடுத்தது?"

"மன்றத்துல ஒருத்தர். கிழட்டுப் பெங்குவின்னு பேரு. தங்கமான மனுஷன்."

 என்றைக்கோ ஒருநாள் பெருமையாக மன்றத்தைத் திறந்து இவளுக்கு என் பெயரைக் காட்டியவனும் நான்தான்.

"அது நான்தான்னு தெரிஞ்சேதான் கேட்டியா?"

"வேற யாருகிட்ட கேக்கறது? வீட்ல ஒண்ணு கேட்டா 'ம்'னு ஒரு சத்தம் வரும். அங்க கேட்டா நம்பர் போட்டு வருது. ஒரே கேள்விய திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாத்தேன், எரிச்சலே படல. தோழர்னு வேற கூப்பிட்டீங்க. இத்தன வருஷத்துல யாரு என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கா?"

"நீன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா 'வரவே வராது'ன்னிருப்பீங்க."

 நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்களைப் பற்றி நான் எழுதியது மிக நன்றாக இருந்ததாகவும், அக்காவுக்கு வாசித்துக் காட்டியதாகவும், அக்கா அதைக் கேட்டு வண்டியை ஒரு நிலையத்தில் நிறுத்தாமலே ஓட்டிவிட்டதாகவும் சொன்னாள்.

அப்போதுதான் அந்த வாக்கியம் தொண்டையிலிருந்து வந்தது. இவ்வளவு நாள் கழித்து, பாதியாக.

"சாயங்காலம் நீ பக்கத்துல இல்லாம என்னமோ மாதிரி இருந்துது."

அவள் ஒரு சிக்னலைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பக்கத்துல இருந்தப்ப நான் ஜன்னல்ல நடந்த கதையெல்லாம் சொல்லிட்டே இருப்பேன். நீங்க ஊர்ல யாரோட கம்ப்யூட்டரோ ஓடலன்னு குனிஞ்சிருப்பீங்க. அப்பதான் அக்கா கூப்பிட்டா, நான் போனேன். இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு வண்டிய ரத்து பண்ணியிருப்பேனே."

ஒரு வண்டியை ரத்து செய்திருப்பாளாம். அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்டதைத் துக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையின் வேலையை ஒரு சனிக்கிழமை முழுக்கச் செய்து, அதைக் கலைக்க ஒரு வாரம் பாடம் நடத்தி, இரண்டையும் நானே முடித்திருக்கிறேன். எதிர்நாற்காலியில் அவள் இருந்த அந்த வாரத்தில் நான் அவளோடு பேசியதைப் போல எந்த வருஷத்திலும் பேசியதில்லை. நடுவில் ஒரு மன்றம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

என் முகம் எப்படி இருந்ததோ, அவளுக்கு மனம் இளகிவிட்டது. வண்டியில் கார்டு வேலை காலியாக இருக்கிறது, கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டினால் போதும், பெரிய மூளை வேண்டியதில்லை என்றாள். "உங்க லேப்டாப்புல போட்டுக்கிட்டு வாங்க. நாங்க நிறுத்தி வைக்கறோம்."

ஓடினேன். இந்த வயதில் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஓடியது அன்றைக்குத்தான்.

என் லேப்டாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருஷக்கணக்காக நானே பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. எந்தக் கம்பெனியின் தூசும் உள்ளே நுழையாதபடி ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, மாற்றி, கொள்கைப்படி கட்டியது. உலகத்தில் அதைப் போல இன்னொன்று கிடையாது என்று மன்றத்தில் நான் சொல்லிக்கொள்வதுண்டு. ரயிலை நிறுவினேன். திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. தோழருக்கு எழுதிய பதில்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். அவை ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற சாதாரணக் கணினிக்கானவை. என்னுடையதை அவை சட்டையே செய்யவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நிலையத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் அக்கா, வந்துவிடுவார் என்று இவள் எனக்காகப் பரிந்து பேசுவது கேட்டது. பயணிகள் சத்தம் போடுவதாக அந்தப் பயணச்சீட்டுப் பெண் சொன்னாள் போலிருக்கிறது. நான் மறுபடியும் அறை வாசலுக்குப் போய், கறுப்பாகவே இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டேன்.

"நான் சிக்னல்ல இருக்கேங்க" என்றாள், திரும்பாமல். "மன்றத்துல கேளுங்களேன்."

வண்டி கிளம்பிவிட்டது. கார்டு இல்லாமலே.

கேட்டிருக்கிறேன். கணினியின் முழு விவரத்தையும் ஒட்டி, பணிவாகவே கேட்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். வராது. அந்த மன்றத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுகிற ஆள் நான் ஒருவன்தான்.